கதவில் தொங்கிய வளையம்

இலை பொறுக்குவதற்கும் ஒரு கண் வேண்டும் என்று சொன்னால் என் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு வாரி அள்ளினால் அது குப்பை. கடதாசிப் பைக்குள் அடைத்து வாசலில் வைத்தால் நகரசபை லொறி ஏற்றிக்கொண்டு போகும். கதவிலும் மேசையிலும் வைக்கிற இலை வேறு. அது மரத்தை விட்டு அன்றைக்குத்தான் இறங்கியிருக்க வேண்டும். மேலே பனி காய்ந்திருக்க வேண்டும். காம்பைப் பிடித்தால் முறியாமல் வளைய வேண்டும். ஒரு நாள் வெயிலில் கிடந்த மேப்பிள் இலை அப்பளமாகிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் அதை வழிக்குக் கொண்டுவர முடியாது.

எனக்கு அந்தக் கண் இல்லை. இராசமணி அக்காவுக்கு இருந்தது. நான் அன்ரனெற், யாழ்ப்பாணம் பாசையூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவள். அவர் மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடி. கனடாவில், ரொறன்ரோவின் வட எல்லையில், மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் மிஸிஸ் லாமின் அலங்காரப் பட்டறை இருந்தது. அங்கே ஒரே மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் பல வருடம் வேலை செய்தோம். செப்டெம்பர் பாதியில் இலை வேலை தொடங்கும். யூனியன்வில்லில் உள்ள பெரிய வீடுகளுக்கும் பரிசுப்பொருள் கடைகளுக்கும் சாமான் போகும். வாசலில் சும்மா விழுகிற இலையைக் காசு கொடுத்து வாங்கி வாசல் கதவிலேயே மாட்டுகிற சனத்தை நான் அங்கேதான் கண்டேன். அவர்களால்தான் எங்கள் வீட்டு வாடகை போனது என்பதால் கூடுதலாக ஒன்றும் சொல்லமாட்டேன்.

பொறுக்கி வந்த இலையைக் கிளிசரின் கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அப்போதுதான் நிறமும் போகாது, இலையும் தோல் மாதிரித் துவளும். பிறகு ஒற்றி எடுத்து, பழைய பேப்பருக்கு நடுவே அடுக்கி, மேலே பாரம் வைப்போம். பேப்பர் எல்லாம் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கிவைத்திருக்கிற வாரப் பத்திரிகைகள். "உந்தப் பேப்பருகள் இப்பதான் ஒரு பிரயோசனத்துக்கு வருது" என்று நான் சொல்வேன். இராசமணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அவருடைய பெரிய கெட்டித்தனம் இலை ரோசாப்பூ. சிவந்த மேப்பிள் இலையின் மேற்பாதியைப் பின்னால் மடித்து, சுருட்டி, நடு மொட்டாக்குவார். அதன்மேல் இன்னொரு இலை, பிறகு இன்னொன்று. காம்புகளைச் சேர்த்துப் பிடித்து நூலால் ஒரு சுற்று. ஊசியும் இல்லை, பசையும் இல்லை. மல்லிகை கட்டுகிற முடிச்சு அது. கையைப் பார்க்காமலே கட்டுவார். நான் சூட்டுப் பசை உருக்கி ஒட்டுகிற பசைத் துவக்கால் விரலைச் சுட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு ஒரு பூ முடிக்கிற நேரத்தில் அவருக்கு முன்னால் ஒரு கூடை நிரம்பியிருக்கும்.

"அவசரப்படாத கா. இலைக்கு ஒண்ணும் பஸ் பிடிக்கத் தேவையில்ல" என்பார்.

இந்தக் 'கா' எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அவர்கள் ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பிறகு எனக்கே ஒட்டிக்கொண்டது. வீட்டில் மகளை "என்ன கா" என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இராசமணி அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை அவரே முதல் நாளிலேயே சொல்லிவிட்டார், மற்றவர்கள் கேட்டு, பிறகு முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளும் சங்கடம் வேண்டாம் என்று. "எனக்கு ஒரு பிள்ள இருக்கு, என்ர தம்பி" என்பார். தம்பியின் பெயர் புவிராசா. அவன் தவழ்கிற வயதில் தாய் இறந்துவிட்டார். பன்னிரண்டு வயது இராசமணிதான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமைத்தார், பள்ளிக்கூடத்தையும் விட்டார். அவனைப் படிப்பித்து, அவன் மருந்து கலவையாளர் வேலை எடுத்த பிறகுதான் தனக்குக் கலியாணம் என்று நின்றார். அதனால் கலியாணம் பிந்தியது. மாப்பிள்ளை தில்லையம்பலம் அண்ணை கனடாவில் இருந்தார், அமைதியான மனிதர், ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு நாளும் மனைவியை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

புவிராசாவுக்கு வன்னியில் ஆஸ்பத்திரி வேலை. சண்டை நெருங்க நெருங்க ஆஸ்பத்திரி இடம் மாறியது, அவனும் மருந்துப் பெட்டிகளோடு மாறினான். இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு பங்குனி கடைசியில் அவனுடைய கடைசித் தொலைபேசி வந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. "அக்கா, நான் சுகம், சனத்துக்கு மருந்து இல்லை" என்றானாம். அதன்பிறகு ஒன்றும் இல்லை. ரொறன்ரோவில் அந்த மே மாதம் யாரும் வீட்டில் இருக்கவில்லை. இராசமணி அக்காவும் நானும் வேலையை விட்டுவிட்டு, சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் வீதியில் நின்றோம். அவர் புவிராசாவின் படத்தை மட்டையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை உளையும், தரமாட்டார். பிறகு ஒரு நாள் எல்லாம் முடிந்தது என்றார்கள். சனம் வீட்டுக்குப் போனது. அவரவர் தங்கள் ஆட்களைத் தேடத் தொடங்கினார்கள்.

இராசமணி அக்கா தேடின தேடலை நான் கண்ணால் கண்டேன். அகதி முகாமில் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் சொந்தம், யாரிடம் தொலைபேசி இருக்கிறது, எல்லாம் விசாரிப்பார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இருந்தாலும் வாய் திறக்கவில்லை. அவரோ தம்பி இலை கொட்டி முடிய முன்னம் வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எந்தக் கதையும் நேராகப் போகாது. நாங்கள் எல்லோரும் அவருக்கு முன்னால் அவனைப் பற்றி 'வந்தால்' என்று சொல்லாமல் 'வந்தவுடனே' என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

அந்தச் செப்டெம்பரில் வேலை தொடங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. எங்கள் சாமான்களில் கூடுதலாக விலைப்படுவது கதவு வளையம். முந்திரிகைக் கொடியை, திராட்சைக் கொடிதான், வட்டமாக வளைத்து, அதைச் சுற்றி இலையும் ரோசாவும் கட்டி, ஒரு றிபன் வைத்தால் முடிந்தது. வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் அது இலையுதிர்கால அலங்காரம். எங்களுக்கு வளையம் என்றால் ஒன்றே ஒன்றுதான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைக்கிற மலர்வளையம்.

முந்தின வருடங்களில் இராசமணி அக்காவும் வளையம் கட்டியவர்தான். கட்டி முடித்ததும் கையைக் கழுவிவிட்டு வருவார், அவ்வளவுதான். அந்த வருடம் கொடி வட்டத்தை நான் அவர் பக்கம் தள்ளியபோது தொடவே இல்லை.

"நான் இது கட்டமாட்டன் அன்ரனெற். தம்பி வந்து சேருமட்டும் என்ர கையால வளையம் இல்ல."

"அக்கா, உது யூனியன்வில் மனுசி ஒருத்தியின்ர கதவுக்குப் போறது. உங்கட தம்பிக்கும் உதுக்கும் என்ன?"

"நீ என்ன வேணுமெண்டாலும் சொல்லு. நான் கட்டமாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. மிஸிஸ் லாமிடம் என்ன சொல்வது? போய் விக்கி விழுங்கி ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தப் பார்த்தேன். அந்த மனுசி பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். ஹொங்கொங்கில் தங்கள் ஆட்களுக்கும் வட்டமாகப் பூ என்றால் சாவீடுதான், தன் தாய் இன்றைக்கும் இந்தப் பட்டறைக்குள் கால் வைக்க மாட்டார் என்றார். "அவள் மாலை கட்டட்டும், நீ வளையம் கட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு மணித்தியாலம் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் வீணாய்ப் போனது.

ஆக, வளையம் முழுக்க என் தலையில். அந்த எரிச்சலில் நான் சும்மா இருக்கவில்லை. கோயிலில், கடையில், கண்ட இடத்தில் எல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தேன். சிரித்தாலும், கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "பாவம், அவ சொல்லுறதும் சரிதான்" என்றார்கள். இப்படியாக, இராசமணி அக்கா தம்பி வருமட்டும் வளையத்தைத் தொடமாட்டார் என்பது மில்லிக்கன் தமிழருக்கு எல்லாம் தெரிந்த செய்தியாகிவிட்டது.

அவருடைய பக்கத்து வீட்டில் டொறீன் என்று ஒரு தனி மனுசி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து நூலகர். மிச்சம் மீதி இலையில் இராசமணி அக்கா கட்டிக்கொடுத்த மாலையை அவர் தன் வீட்டு நெருப்படுப்புக்கு மேல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அதற்குப் பதிலாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த மனுசிக்கு ஆசை. நல்ல மனது. நல்ல மனதால் நடக்கிற கரைச்சலைப் போல் ஒரு கரைச்சல் உலகத்தில் இல்லை.

ஒக்டோபரில் கனடா நன்றி நவில்கிற விடுமுறைத் திங்கட்கிழமைக்கு முதல் சனிக்கிழமை. காலையில் நான் காரில் வந்து இராசமணி அக்காவை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் கார் ஓட்டமாட்டார், கைத்தொலைபேசியும் வைத்திருக்க மாட்டார். தில்லையம்பலம் அண்ணை இரவு வேலை முடிந்து வந்து மேல்மாடியில் தூக்கம். நாங்கள் போனபின் டொறீன் தன் கையாலேயே செய்த ஒரு வளையத்தைக் கொண்டுவந்து இராசமணி அக்கா வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஓக் இலை, காய்ந்த கோதுமைக் கதிர், நடுவே கறுப்பு மாதிரித் தெரிகிற கருநீல றிபன். சொல்லாமல் செய்தால்தானே சந்தோசம்.

அந்தத் தெருவில் சண்முகநாதன் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார், காலையில் கைகளை வீசிக்கொண்டு நடக்கிறவர். அவர் அந்தக் கதவைக் கண்டார். வேறு எந்தத் தமிழ் வீட்டுக் கதவில் தொங்கியிருந்தாலும், கனடாக்காரராகிவிட்டார்கள் என்று ஒரு நக்கலோடு கடந்து போயிருப்பார். ஆனால் இது இராசமணியின் கதவு. தம்பி வருமட்டும் வளையத்தைத் தொடமாட்டேன் என்ற இராசமணியின் கதவு. அதில் வளையம் தொங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே.

அவர் மணியை அடிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மனுசிக்குச் சொன்னார். மனுசி தன் தங்கைக்குச் சொன்னார். தங்கை கோயில் ஆட்களுக்குச் சொன்னார். அதன்பிறகு செய்தி ஒன்றும் நடந்து போகவில்லை, பறந்தது. எனக்கு ஏன் ஒருவரும் எடுக்கவில்லை என்று பிறகு சண்டை பிடித்தேன். "நீர் அவவோடதானே நிப்பீர் எண்டு நினைச்சம்" என்றார்கள்.

மூன்று மணி போல அவரை வீட்டில் இறக்கிவிட வந்தால், தெரு முழுக்கக் கார். என் காரை விட இடமில்லை. வாசல் படியில் சப்பாத்தும் செருப்புமாகக் குவிந்து கிடந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே திறக்கிற கதவு, விரித்தால் அதன் வெளிப்பக்கம் சுவரோடு சாய்ந்துவிடும் என்பதால் அதில் என்ன தொங்குகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இராசமணி அக்கா என் கையைப் பிடித்தார். "அன்ரனெற், அவருக்கு என்னவோ" என்றார். புருசனை நினைத்துத்தான் அப்படி ஓடினார். உள்ளே போனால் அவர் புருசன் சோபாவின் நடுவில் உயிரோடு இருந்தார். தலை கலைந்து, படுக்கச் சுற்றின சாரத்தோடு, கண் சிவந்துபோய் இருந்தார். இரண்டு பக்கமும் ஆண்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பெண்கள் நிலத்தில். சமையலறை மேசையில் சட்டி சட்டியாகச் சோறு, பருப்பு, கத்தரிக்காய். செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அயலார் கொண்டுவருகிற சைவச் சாப்பாடு.

இராசமணி அக்காவைக் கண்டதும் சண்முகநாதன் அண்ணையின் மனுசி எழும்பிவந்து கட்டிப்பிடித்து ஓவென்று அழத் தொடங்கினார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இராசமணி அக்கா நடுவில் மரமாக நின்றார். புருசனைப் பார்த்தார்.

"தம்பியா?" என்று கேட்டார்.

தில்லையம்பலம் அண்ணை ஓம் என்று தலையை ஆட்டினார்.

"ஆர் சொன்னது?"

"இவையள் சொன்னவை" என்றார் அவர்.

"நாங்கள் எங்க சொன்னது?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நாங்கள் வந்தனாங்கள்."

சாவீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வந்து கையைப் பிடிப்பது, இருப்பது, அவ்வளவுதான். கதவைத் தட்டிய சத்தத்தில் எழும்பி வந்த தில்லையம்பலம் அண்ணையை ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். இவர்களுக்குச் செய்தி வந்துவிட்டது, எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது என்று அவர் நினைத்திருக்கிறார். அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலம் இப்படியே அழுதிருக்கிறார்கள்.

இராசமணி அக்கா விடவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டார். இன்னார் சொன்னார், இன்னார் சொன்னார் என்று கை நீண்டு நீண்டு கடைசியில் சண்முகநாதன் அண்ணையிடம் வந்து நின்றது. அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் கதவிலதான் பாத்தனான் பிள்ளை."

கதவை இழுத்துப் பார்த்தோம். இதற்குள் இத்தனை காரைக் கண்ட டொறீன் கையில் பூசணிக்காயில் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றோடு படியேறி வந்து, விருந்தாளிகள் வந்திருக்கிறார்களே, வளையம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

முதலில் சிரித்தது இராசமணி அக்காதான். கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தார். ஐந்து மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் சண்முகநாதன் அண்ணையை உண்டு இல்லை என்று பண்ணினேன். "உங்களை நடக்கச் சொன்னது டொக்டர், வேவு பாக்கவே சொன்னவர்?" என்று கேட்டேன். அவர் வெட்கத்தில் மீசையைத் தடவினார். தில்லையம்பலம் அண்ணை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் எழும்பிப்போய் முகத்தைக் கழுவினார். டொறீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வளையத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்து, காற்றுக்கு விழுகிறது, உள்ளே வைக்க வேண்டும் என்று என்னவோ சமாளித்து அனுப்பினேன்.

"இருங்க எல்லாரும். தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று இராசமணி அக்கா பெரிய பானையில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். முகம் முழுக்க வெளிச்சம். தம்பி செத்துவிட்டான் என்று ஒரு கணம் நம்பி, பிறகு இல்லை என்று தெரிந்தவருடைய முகம் அது. அவன் திரும்பி வந்து வாசலில் நின்றிருந்தால்கூட அதைவிடச் சந்தோசப்பட்டிருப்பாரோ தெரியாது.

சிலர் தேநீருக்கு நின்றார்கள். சிலருக்கு வேலை, எழும்பினார்கள். பெண்கள் தாங்கள் கொண்டுவந்த சட்டிகளை மூடி எடுத்தார்கள். செத்த வீட்டுக்கென்று சமைத்த சோற்றை உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா? ஒரு பருக்கையும் இருக்கக்கூடாது என்று மேசையைக்கூடத் துடைத்தார்கள். வாசலில் சப்பாத்து மாட்டும்போது ஒவ்வொருவரும் சத்தம் போட்டுச் சொன்னார்கள்.

"போட்டு வாறம் பிள்ளை."

"போட்டு வாறன் அக்கா, பிறகு வாறன்."

சாவீட்டில் இருந்து எழும்புகிறபோது நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. திரும்பி வருகிறேன் என்று அந்த வீட்டில் சொல்லக்கூடாது. பேசாமல் இறங்கிப் போய்விடுவோம். இது சாவீடு இல்லை என்பதை இராசமணி அக்காவின் காதில் ஆணி அடித்த மாதிரி ஏற்றத்தான் எல்லோரும் அன்றைக்கு அவ்வளவு உரத்துச் சொன்னார்கள். அவரும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் "ஓம் கா, வாங்க", "ஓம் அண்ண, வாங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் கடைசியில் வீரக்குட்டி அண்ணை வந்தார். அவர் இராசமணி அக்காவின் ஊர்க்காரர். மனைவி இல்லாத மனிதர். ஒரு மகள் வன்னியில் கலியாணம் செய்து, சண்டை முடிய வவுனியா முகாமில் இருந்தாள். முந்தி வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவர், ஓகஸ்டுக்குப் பிறகு வருவதை நிறுத்தியிருந்தார். தொலைபேசி எடுத்தால் வேலை என்பார். ஊர்க்காரரே இப்படி என்று இராசமணி அக்காவுக்கு அவர்மேல் மனத்தாங்கல். அன்றைக்கு அவர் மூலையில் சுவரோடு சாய்ந்து இருந்ததை நான் கண்டேன். சிரிப்பு நடந்தபோதும் அங்கேதான் இருந்தார்.

அவர் சப்பாத்தை மாட்டினார். இராசமணி அக்காவின் முகத்தை ஒரு முறை பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

"ஓம் அண்ண, வா..." என்று பழக்கத்தில் தொடங்கிய இராசமணி அக்கா பாதியில் நின்றார். அந்தச் சொல்லுக்கு முன்னால் வரவேண்டிய சொல் வரவில்லை. சப்பாத்துப் போடாமல் வெறும் மேசுக் காலோடு படியிறங்கி ஓடினார். நான் பின்னால் போனேன்.

வீரக்குட்டி அண்ணை தெரு முனையில் விட்டிருந்த தன் காருக்குக் கிட்ட நின்றார்.

"அண்ண, சொல்லாமப் போறீங்க."

அவர் காரின் கதவைத் திறந்தார்.

"வீரக்குட்டி அண்ண. போட்டு வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போங்க."

"ஏலாது புள்ள" என்றார் அவர். "இந்த வீட்டில நிண்டு அந்தச் சொல்லச் சொல்ல என்னால ஏலாது."

பிறகு சொன்னார். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மகள் முகாமில் இருந்து ஓகஸ்டில் யாருடையவோ தொலைபேசியில் கதைத்தவளாம். மருந்து மாமா, மருந்து மாமா என்று அவளுடைய பிள்ளைகள் புவிராசாவோடு ஒட்டிக்கொண்டு திரிந்தார்களாம். கடைசி மருந்துப் போத்தலை அவளுடைய சின்னவனுக்குத்தான் கொடுத்தானாம். மறுநாள் விடிய ஆஸ்பத்திரித் தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் செல் விழுந்து வெடித்தது. காயமில்லாத மாதிரித்தான் கிடந்தானாம்.

"கிடங்கு வெட்டினது என்ர மருமகன். மண் போட்டது என்ர மகள். நாய் கீய் இழுக்க விடல்ல புள்ள. அத மட்டும் என்னால உறுதியாச் சொல்ல ஏலும்."

"ஓகஸ்டில இருந்து தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். உன்ர முகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுற? அதுதான் வராம இருந்தன். இண்டைக்கு விசயம் கேள்விப்பட்டதும், வேற ஆரோ சொல்லிட்டாங்க, நான் தப்பினன் எண்டு ஓடி வந்தன். மூலையில இருந்து நானும் ஆறுதலா அழுதன் புள்ள. பிறகு நீ சிரிச்சாய்."

இராசமணி அக்கா காரில் கையை ஊன்றினார்.

"எந்த நாள் அண்ண?"

"திகதி அவளுக்குத் தெரியல்ல. நிலவில்லாத இருட்டில கிடங்கு வெட்டினதாம். சித்திரை அமாவாசை."

"சித்திரையா?"

"ஓம்."

"அப்ப மே மாசம் நாங்க றோட்டில நிக்கக்குள்ள..."

"ஓம் புள்ள. அப்ப அவன் இல்ல."

இந்த இடத்தில் அவர் அழவில்லை, கல்லாக நின்றார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். அவர் அழுதார். காரின் மேல் நெற்றியை வைத்து, வாய்விட்டு, "நான் தூக்கி வளத்த புள்ள, நான் தூக்கி வளத்த புள்ள" என்று அழுதார். நான் முதுகைத் தடவினேன். என் வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. புறப்பட்டுக்கொண்டிருந்த கார்கள் நின்றன. யாரும் இறங்கவில்லை, யாரும் போகவும் இல்லை. வீரக்குட்டி அண்ணை அடி வாங்கக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

அழுது ஓய்ந்ததும் இராசமணி அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"மகள் மண் போடக்குள்ள அவன்ர முகத்த மூடினவளாமா?"

"தன்ர சீலையக் கிழிச்சு மூடினவளாம்."

"நல்லம்" என்றார். "அவளோட நான் கதைக்கணும். உள்ளுக்கு வாங்க அண்ண. இப்பிடியே போகாதீங்க."

அவருடைய கையைப் பிடித்து அவரே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அந்தக் கிழவர்மேல் வந்த கோபத்துக்கு நான் அவரை அந்தத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

வீட்டுக்குள் மிச்சமிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. சண்முகநாதன் அண்ணையின் மனுசி பாலுக்குக் காவல் நின்றார். தேயிலை போட்டு, கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பால் அப்போதுதான் ஓரத்தில் நுரைக்கத் தொடங்கியிருந்தது. இராசமணி அக்கா நேராக உள்ளே போய் அடுப்பை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, இன்னும் கொதிக்கேல்லையே" என்றார் அந்த மனுசி.

"இருக்கட்டும் அக்கா" என்றார் இராசமணி அக்கா. "இண்டைக்கு இந்த வீட்டில அடுப்பு எரியக்கூடாது."

மனுசி அவருடைய முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற வீரக்குட்டி அண்ணையைப் பார்த்தார். தில்லையம்பலம் அண்ணை ஈர முகத்தோடு கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. போனவர்கள் சோற்றுச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படியேறி வந்தார்கள்.